பற்றவைக்காத பீடி

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் அவரோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேருக்கு அது யார் என்று தெரியாது. எங்களுக்கு அவர் டைம்கீப்பர், அவ்வளவுதான். கல்லாவிப் பக்கத்துக்காரர். கிறிஸ்தவர். முப்பதுக்கு மேல் ஒன்றிரண்டு வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, முழுக்கைச் சட்டை. எந்த வெயிலிலும் கழுத்துப் பொத்தானைக் கழற்ற மாட்டார். பீடி குடிக்கிற பழக்கம் கிடையாது. ஆனால் காதில் எப்போதும் ஒரு பீடியைச் செருகி வைத்திருந்தார். அவரைப் பற்றி எங்களுக்கு வந்த முதல் சந்தேகம் அதுதான்.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள். ஓசூரில் இன்றைக்கு இருக்கிற பெரிய கம்பெனிகள் எதுவும் அப்போது வரவில்லை. பாகலூர் ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் தகரக் கொட்டகை போட்ட ஒரு வார்ப்புப் பட்டறை இருந்தது. கிணற்று பம்புகளுக்கு வேண்டிய சாமான்களை உலையில் உருக்கி வார்த்து, லேத்தில் கடைந்து, பெங்களூருக்கு லாரியில் அனுப்புவோம். முப்பது பேர் இருந்தோம். எனக்கு லேத் வேலை. வயது இருபத்துநாலு.

பட்டறை வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். காலையில் ஒரு தரம், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் அதை இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும். யார் எப்போது வந்தார்கள் என்று எழுத வேண்டும். டைம்கீப்பர் வேலை அவ்வளவுதான். முன்னால் இருந்தவர்கள் அடித்துவிட்டுத் தூங்கினார்கள். இவர் வந்த முதல் வாரமே சுவர்க் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டார். டீக்கடை ரேடியோவில் செய்தி ஆரம்பிக்கிற நேரத்துக்குத் தன் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு வந்து, நாலு நாள் அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தார். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. சுவர்க் கடிகாரம் காலையில் சரியாக ஓடும். சாயங்காலத்துக்குள் ஏழு நிமிஷம் பின்னால் போய்விடும். மறுநாள் விடிந்ததும் மேஸ்திரி வந்து முள்ளைத் தள்ளிச் சரிசெய்வார். நாங்கள் தினமும் ஏழு நிமிஷம் கூடுதலாக வேலை செய்துகொண்டிருந்திருக்கிறோம்.

கடிகாரம் பழுது பார்க்கப்பட்டது. நாங்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. நேற்று வந்த ஆள் நமக்காக ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறான் என்றுதான் பேசிக்கொண்டோம். ஏழு நிமிஷத்தைக் கொடுத்துவிட்டு வேறு எதையோ பிடுங்கப்போகிறான் என்று மாதப்பன் சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மாதப்பன் உலைக்காரர். பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், மேஸ்திரியிடம் கன்னடம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடிப்பார். இருமல் வந்தால் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, அது போகிறவரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பிறகு அந்த இருமல் போவதற்கென்று இன்னொரு பீடி.

பீடி குடிக்கிற இடம் கொட்டகைக்குப் பின்னால், ஒரு புங்க மரத்தடி. அங்கே வந்து நிற்க ஆரம்பித்தார் டைம்கீப்பர். காதில் இருக்கிற பீடியை எடுத்து விரலிடுக்கில் வைத்துக்கொள்வார். பற்றவைக்க மாட்டார். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும். அவர் தன் பங்குக்குக் கேள்வி கேட்பார்.

ஏன் குடிக்கிறோம் என்று கேட்டார். ஆளுக்கு ஒன்று சொன்னோம். ஓசூர்க் குளிருக்குப் பீடி இல்லாமல் முடியாது என்றான் ஒருவன். உலைக்குப் பக்கத்தில் நின்று வியர்வை வழிகிறவனுக்கு என்ன குளிர் என்று திருப்பிக் கேட்டார். நெஞ்சில் இறங்குகிற கரித்தூசியைப் பீடிப் புகை வெளியே தள்ளிவிடும் என்றான் இன்னொருவன். அதற்கு அவர் சொன்னதுதான் பட்டறை முழுக்க அவருடைய பேச்சாகவே ஆகிப்போனது.

“பாத்தியா நீ?”

எதற்கும் அதையே கேட்பார். பாகலூரில் மழை என்றால் கேட்பார். அரிசி விலை இறங்கப்போகிறது என்றால் கேட்பார். மாதா கோவிலில் பாதிரியார் சொன்னதாக யாராவது ஏதாவது சொன்னால் அதற்கும் கேட்பார். கரித்தூசி விஷயத்தில் அதோடு விடவில்லை. ஒரு வாரம் கழித்து, பீடி குடிக்கிறவர்களில் நாலு பேரையும் குடிக்காத ஒரே ஆளான தண்ணீர் சுமக்கும் கிழவரையும் வெள்ளைத் துணியில் துப்பச் சொல்லிப் பார்த்தார். ஐந்து துணியிலும் ஒரே கறுப்பு. மாதப்பன் துணியில் மட்டும் கறுப்போடு கொஞ்சம் சிவப்பும் இருந்தது. டைம்கீப்பர் அதை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு பேசினோம். அந்தத் துணியை முதலாளியிடம் காட்டி மாதப்பனை வேலையை விட்டு நிறுத்தப்போகிறார் என்று.

ஒரு நாள் என்னிடம் வந்தார். முதல் பீடியை யார் கொடுத்தது என்று கேட்டார். எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை. யோசித்தபோது வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், லேத்தில் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போய், வெளியே வந்து நிமிர்ந்து நின்றேன். மேஸ்திரி பார்த்துவிட்டார். அவர் பெங்களூர்ப் பக்கம், கோபம் வந்தால் கன்னடம்தான். “யாக்கோ சும்னே நிந்திதீயா?” ஏண்டா சும்மா நிற்கிறாய் என்று பட்டறையே கேட்கும்படி கத்தினார். மறுநாள் மாதப்பன் ஒரு பீடியைப் பற்றவைத்து என்னிடம் நீட்டினார். “இத கையில புடி. ஒருத்தனும் உன்ன ஒண்ணும் கேக்கமாட்டான்” என்றார். உண்மைதான். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. முதலாளியே சிகரெட் குடிக்கிறவர். குடிக்கிறவன் அவஸ்தை குடிக்கிறவனுக்குத் தெரியும் என்று, பீடிக்குப் போகிறவனைத் தடுக்கக் கூடாது என்பது பட்டறையில் எழுதாத சட்டம்.

இதைச் சொன்னதும் டைம்கீப்பர் முகம் மாறியது. தேடிக்கொண்டிருந்த பொருள் அகப்பட்ட ஆள் மாதிரி இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்தேன்.

அடுத்த நாள் அவர் மாதப்பனிடம் ஒரு காரியம் கேட்டார். பத்தரை மணி வாக்கில் மரத்தடிக்குப் போய் வெறுங்கையோடு நிற்க வேண்டும். மாதப்பன் முடியாது என்றுதான் சொன்னார். பிறகு என்ன நினைத்தாரோ, போய் நின்றார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, மேஸ்திரி வந்து கத்து கத்தென்று கத்தி உள்ளே துரத்தினார். மறுநாள் அதே நேரம், அதே மரத்தடி. இந்தத் தடவை டைம்கீப்பர் தன் காதில் இருந்த பீடியை எடுத்து மாதப்பன் கையில் கொடுத்திருந்தார். பற்றவைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். மேஸ்திரி வந்தார். கையைப் பார்த்தார். தீப்பெட்டி வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் தன் வழியில் போனார்.

நாங்கள் கொட்டகைக்குள் நின்று தகர இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிரிப்பு தாங்கவில்லை. டைம்கீப்பர் சிரிக்கவில்லை.

“காலைல மொதோ பீடி உடம்பு கேக்குது. அது நெசம், நான் இல்லன்னு சொல்லமாட்டேன்” என்றார். “அப்புறம் குடிக்கறதெல்லாம் உடம்பு கேக்கல. நெழலு கேக்குது.”

சிரிப்பு அடங்கியபின் எனக்கு வேறு எண்ணம் ஓடியது. இவ்வளவு நுணுக்கமாக நம்மைப் பார்க்கிற ஆள் யாருக்காகப் பார்க்கிறான்? அந்த வாரம்தான் டைம் ஆபீஸின் பின்சுவரில் சாக்கட்டிக் கோடுகளைக் கண்டேன். ஒவ்வொரு கோடும் ஒருவன் மரத்தடிக்குப் போய்வந்த கணக்கு. பெயர் ஏதும் இல்லை, கோடு மட்டும்தான். ஆனால் சுவரில் பாதி நிறைந்திருந்தது. அதற்கு மூன்றாம் நாள் அவர் முதலாளி அறைக்குள் போனார். கதவு சாத்தியிருந்தது. வெளியே வர அரை மணிக்கு மேல் ஆனது.

பட்டறையில் முதலில் வாய் திறந்தவன் நான்தான். அவர் முதலாளியின் ஆள், நம்மை வேவு பார்க்கவே வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். எல்லோரையும் கூட்டிக்கொண்டுபோய்ச் சுவரைக் காட்டினேன். அதற்கு மேல் யாருக்கும் அத்தாட்சி தேவைப்படவில்லை. மறுநாள் காலை மேஸ்திரி எல்லோரையும் நிறுத்தி வைத்து, இனிமேல் வேலை நேரத்தில் பீடிக்குப் போகக் கூடாது, இது முதலாளி உத்தரவு என்று சொன்னபோது, நான் சொன்னது வேதவாக்காகிவிட்டது.

அன்று சாயங்காலம் டைம்கீப்பர் சைக்கிளின் இரண்டு டயரும் கிழிந்திருந்தன. கிழித்தவன் யார் என்று எனக்குத் தெரியும். அவன் கிழிக்கும்போது யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றவன் நான். டைம்கீப்பர் யாரையும் திட்டவில்லை. உட்கார்ந்து, கிழிசலை விரலால் தடவிப் பார்த்தார். “இது கத்தி இல்ல. லேத் டூலு” என்றார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. கடிகாரத்தைப் பார்த்த மாதிரிதான் என்னையும் பார்த்தார். அப்புறம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் நடந்தார்.

பீடி இல்லாத பட்டறை நரகமாக இருந்தது. மரத்தடிக்குப் போக முடியாது, நிமிர்ந்து நிற்க முடியாது. இரண்டாம் நாளே அசதியில் ஒருவன் கை லேத்தில் மாட்டிக்கொள்ளப் பார்த்தது. கக்கூஸுக்குள் போய்க் குடித்தார்கள். உலையில் நெருப்பு எடுக்கிற சாக்கில் குடித்தார்கள். மாதப்பன் இருமி இருமி உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி அவரைப் பார்த்துச் சும்மா உட்காராதே என்றார்.

மூன்றாம் நாள், பத்தரை மணி. தண்டவாளத் துண்டு அடிக்கிற சத்தம் கேட்டது.

அந்த நேரத்தில் அது அடித்ததே கிடையாது. லேத்துகளை நிறுத்தினோம். நெருப்பு பிடித்துவிட்டதோ என்று பார்த்தோம். வாசலில் டைம்கீப்பர் கையில் கம்பியோடு நின்றுகொண்டிருந்தார். பத்து நிமிஷம் ஓய்வு, எல்லோருக்கும், பீடி குடிக்கிறவன் குடிக்காதவன் எல்லோருக்கும் என்றார். குரலில் உத்தரவும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பஸ் வருகிற நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

ஒருவரும் அசையவில்லை. இது பொறி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வெளியே போனால் பெயர் எழுதுவார், போகிறவனுக்கு வேலை போகும். நான் பக்கத்தில் இருந்தவன் கையைப் பிடித்து இழுத்து, போகாதே என்றேன். அவர் அங்கேயே நின்றார். நாங்கள் இங்கேயே நின்றோம். மேலே மோட்டாரோடு ஓடுகிற பெல்ட்டுகள் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன.

மாதப்பன்தான் முதலில் நடந்தார். இருமலோடு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, மெதுவாக மரத்தடிக்குப் போய் வேரில் உட்கார்ந்தார். சாகிறவனை என்ன செய்வார்கள் என்று நினைத்திருப்பார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் போனார்கள். பிறகு ஐந்தாறு பேர். மேஸ்திரி ஓடிவந்தார். யார் அடிக்கச் சொன்னது என்று கேட்டார்.

“பீடி குடிக்கக் கூடாதுன்னு மொதலாளி சொன்னாரு. நிமிந்து ஒக்காரக் கூடாதுன்னு யாரும் சொல்லலயே” என்றார் டைம்கீப்பர். கைக்கடிகாரத்தைப் பார்த்து, சரியாகப் பத்து நிமிஷத்தில் மறுபடி அடித்தார். மாலை மூன்றரைக்கும் அதேபோல.

பதினொரு நாள் அடித்தார். ஒவ்வொரு நாளும் முதலாளி கூப்பிட்டுத் திட்டினார் என்று கேள்விப்பட்டோம். ஆனால் நிறுத்தச் சொல்லி உத்தரவு வரவில்லை. காரணம் எளிது. வார்ப்பு குறையவில்லை. உடைந்த அச்சுகள்தான் குறைந்தன. மரத்தடியில் எவனாவது பீடி குடித்தால் முதலாளியும் கண்டுகொள்ளவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை வேறொரு ஆள் தண்டவாளத்தை அடித்தான். பத்தரைக்கும் அவனே அடித்தான். ஓய்வு பட்டறைச் சட்டமாகிவிட்டது. டைம்கீப்பர் வேலையை விட்டு நிறுத்தப்பட்டிருந்தார்.

அவர் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனது அந்தப் பத்து நிமிஷத்தில்தான். முப்பது பேரும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவர் எங்களைத் தாண்டித்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முதலாளி இவரை வேறு பட்டறைக்கு வேவு பார்க்க அனுப்புகிறார் என்று யாரோ சொன்னார்கள். நான் தலையாட்டினேன். மாதப்பன் மட்டும் கையைத் தூக்கினார். அது கும்பிடவா, வெயிலுக்கு மறைக்கவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன்பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். பழைய ஆட்கள் ஒரேயடியாக விட்டுவிடவில்லை. மாதப்பன் ஆஸ்பத்திரியில் சேர்ந்து மருந்து சாப்பிட்டு, காலையில் ஒரு பீடி என்கிற அளவுக்கு வந்து, பிழைத்துக்கொண்டார். என் கணக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த ஆறு பேரில் ஐந்து பேர் பீடியைத் தொடவே இல்லை. யாரும் அவர்களுக்குப் புத்தி சொல்லவில்லை. குடிக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஓய்வு வேண்டுமென்றால் மணி அடிக்கும், போய் உட்காரலாம். எங்களுக்கு மட்டும் அப்படி ஒரு மணி முன்னாலேயே அடித்திருந்தால் என்று சில நாள் நினைப்பேன்.

இரண்டு வருஷம் கழித்து மேஸ்திரி வேலையை விட்டுப் பெங்களூருக்குப் போனார். போகிற அன்று என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தச் சாத்திய கதவுக்குள் நடந்ததைச் சொன்னார். அப்போது அவரும் அறைக்குள் இருந்தாராம். டைம்கீப்பர் கேட்டது பத்து நிமிஷ ஓய்வு, நாளைக்கு இரண்டு தடவை, எல்லோருக்கும். அது கொடுத்தால் பீடி தானாகப் பாதி குறையும் என்று சுவர்க் கோடுகளின் கணக்கை எழுதிக் காட்டிச் சொல்லியிருக்கிறார். முதலாளி அந்தக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டார். பீடியை நிறுத்தினார், ஓய்வைக் கொடுக்கவில்லை. பதினோராம் நாள் மறுபடி கூப்பிட்டு, சரி, ஓய்வு இருக்கட்டும், உன் வேலையும் இருக்கட்டும், ஆனால் அதிகமாகக் குடிக்கிறவன், இருமுகிறவன் பெயரை மட்டும் எழுதிக் கொடு என்றார். சீக்காளிகளைக் கழித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். டைம்கீப்பர் யார் இருமியும் தான் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டாராம். எதையும் கண்ணால் பார்க்காமல் சொல்லாத மனிதர், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னது அந்த ஒரு தடவைதான் இருக்கும்.

இது தெரிந்தபின் எனக்கு நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கல்லாவியில் இறங்கினேன். சந்தை நாள். விசாரித்ததில் மாவு மில்லில் வேலை செய்கிறார் என்றார்கள். போனேன். தலையெல்லாம் மாவு. கழுத்துப் பொத்தான் போட்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

மாதப்பன் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னேன். புது ஆட்களைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு, சொல்ல வந்ததைச் சொன்னேன். உங்களை ஒற்றன் என்று முதலில் சொன்னவன் நான், டயர் கிழித்தபோது காவல் நின்றதும் நான் என்று.

“தெரியும்” என்றார். “ஒங்க எடத்துல நான் இருந்திருந்தா, நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன். வந்த அன்னிக்கே நெனச்சிருப்பேன்.”

மன்னித்ததாகச் சொல்லவில்லை. கோபம் என்றும் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, இப்போது நாளைக்கு எத்தனை பீடி என்று கேட்டார்.

இரண்டு என்றேன்.

அவர் கையை நீட்டி என் வலது கையைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, இரண்டு விரல்களின் நுனியையும் பார்த்தார். மஞ்சளாக இருந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“எட்டு” என்றேன்.